மிஞ்சிய சரங்கள்: பால்மரத்தின் மரபு ஏட்டைச் சரிபார்க்கும் விதம்

 

பொழுது விடியுமுன் நடக்கும் பிரட்டை நம்மில் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். மண்டோர் விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுகிறார். அன்றைக்கு 18 நிரைக்கு 18 பேர் வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் 21 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டோர் என்ன செய்வார்? கடைசியில் நிற்கும் மூவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அல்லது அந்த மூவரை வேறு மூவரோடு சேர்த்து ஒரே பெயரில் எழுதிவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் கணக்கு 18 ஆகிவிடும். ஆனால் அந்த மூவர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

பால்மரத்தின் மரபு ஏட்டைப் படித்துத் தொகுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதே சங்கடம் நேருகிறது. 18 வர வேண்டிய இடத்தில் 19 வரும், 21 வரும், சில வேளை அதற்கு மேலும் வரும். மிஞ்சி நிற்பவற்றை அவர்கள் எப்படி விசாரிக்கிறார்கள்? எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? இன்று நாம் பார்க்கப்போவது இதைத்தான். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நமக்குச் சோறு போட்ட மரத்தின் சங்கதி இது. ஆகவே பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணாமல், சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் மரபு ஏடு என்றால் என்ன என்று பார்ப்போம்.

மரம், மனிதன், கொசு, காளான் ஆகிய எல்லா உயிர்களும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனவை. அவ்வுயிரணுவுக்குள்ளே கரு என்று ஒன்று உண்டு. அந்தக் கருவுக்குள் நூலைப் போன்ற பொருள்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். மனிதருக்கு 46 குரோமோசோம்கள். நெல்லுக்கு 24. செம்பனைக்கும் தென்னைக்கும் 32. பால்மரத்துக்கு 36. இவை இணை இணையாக இருப்பவை. ஓர் இணையில் ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. ஆகவே பால்மரத்துக்கு 18 இணைகள். 18 பாகம் கொண்ட ஒரு பெரிய ஏடு, அதற்கு இரண்டு படிகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த ஏடு டி.என்.ஏ. என்னும் பொருளால் எழுதப்பட்டது. அதில் இருப்பவை நான்கே எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்பன அவற்றின் பெயர்கள். ஒரு பால்மரத்தின் ஏட்டில், ஒரு படியில் மட்டும், சுமார் 147 கோடி எழுத்துகள். அஃதாவது ஒரு பாகத்துக்குச் சராசரி 8 கோடி எழுத்துக்குச் சற்று மேல். பால் எவ்வளவு சுரக்கும், பட்டை எப்படி வளரும், இலை நோயைத் தாங்குமா என்பவற்றுக்கெல்லாம் அடிப்படை இந்த எழுத்துகளில் இருக்கிறது. மண்ணும் மழையும் எருவும் தம் பங்கைச் செய்கின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் பால்மர வகையை அறியாத தோட்டத்தார் குறைவு. அது ட்ஜிர் 1 என்னும் வகையையும் பி.பி. 86 என்னும் வகையையும் இணைத்து, மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் உருவாக்கப்பட்டது. அதன் கண்ணை எடுத்து ஒட்டுக்கட்டிய மரங்கள் எல்லாம் ஒரே ஏட்டை உடையவை. அந்த ஏட்டில் ஒரு படி ட்ஜிர் 1 கொடுத்தது; மற்றொரு படி பி.பி. 86 கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

சரி, ஏட்டைப் படிப்பது எப்படி? முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே மூச்சில் 8 கோடி எழுத்தை இயந்திரங்கள் படிப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் படிக்கின்றன. முன்பு ஒரு துண்டில் நூறு, இருநூறு எழுத்துதான். பிறகு வந்த இயந்திரங்கள் ஒரு துண்டில் பல ஆயிரம் எழுத்துகளைப் படிக்கின்றன. ஒரே புத்தகத்தின் பல பிரதிகளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டு, ஒரு துண்டின் கடைசி வரியும் இன்னொரு துண்டின் முதல் வரியும் ஒத்திருந்தால் இரண்டையும் ஒட்டிக்கொண்டே போவது போன்ற வேலை இது.

இங்கே ஒரு தொல்லை. பால்மரத்தின் ஏட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் திரும்பத் திரும்ப வரும் வரிகள். ஒரே வரி ஆயிரம் பக்கத்தில் வந்தால், கையில் இருக்கும் துண்டு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு இன்னொன்றும் உண்டு. பால்மரமும் மரவள்ளியும் ஒரே குடும்பம். சப்பானியர் காலத்தில் நம் முன்னோரின் பசியாற்றிய அதே மரவள்ளிதான். அதற்கும் 36 குரோமோசோம்களே. இவ்விரண்டும் பிரிவதற்கு முன், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, இவற்றின் மூதாதைச் செடியில் ஏடு முழுவதும் ஒருமுறை இரட்டித்துவிட்டது. அதனால் ஒரு பாகத்தில் இருக்கும் பகுதிக்கு ஒத்த பகுதி வேறு பாகத்திலும் காணப்படுகிறது. துண்டுகளை ஒட்டுகிறவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இவ்வாறு ஒட்டிக் கோத்த நீண்ட தொடருக்கு ஆய்வாளர்கள் வைத்துள்ள ஆங்கிலப் பெயர், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் என்று பொருள்படும். நாம் இந்த உரையில் அதைச் சரம் என்றே சொல்வோம். உதிரிப் பூக்களை நாரில் கோத்தால் சரமாகிறது அல்லவா? அது போல.

2013-ஆம் ஆண்டு மலேசிய ஆய்வாளர்கள் ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தின் ஏட்டை முதன்முதலில் வெளியிட்டார்கள். அது பல இலட்சம் துண்டுகளாக இருந்தது. 2016-இல் சீன நாட்டார் தங்கள் வகையான ரெயன் 7-33-97 மரத்தின் ஏட்டை ஏழாயிரத்துச் சொச்சம் சரங்களாகக் கொண்டு வந்தார்கள். 2020-இல் ஜி.டி. 1 என்னும் வகையின் ஏடு வெளியாயிற்று. அதில் சரங்கள் 18 குரோமோசோம்களாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. இலட்சத்திலிருந்து ஆயிரம், ஆயிரத்திலிருந்து 18! இந்த முன்னேற்றத்துக்கு நீண்ட துண்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் ஒரு காரணம். மற்றொரு காரணம் தொடுகை வரைபடம். இனி அதற்கு வருவோம்.

பிள்ளைகளே, ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் இரண்டு லயம் இருக்கிறது, லயத்துக்கு ஐந்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். அங்குள்ளவர்கள் இரண்டு மாடிகளை எடுத்துக்கொள்ளலாம். தாளின் மேலே இடமிருந்து வலமாகப் பத்து வீட்டின் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக அதே பத்துப் பெயரையும் அதே வரிசையில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எந்த வீட்டார் எந்த வீட்டாரோடு எத்தனை முறை நின்று பேசினார்கள் என்று எண்ணி, அந்தந்தக் கட்டத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். அதிகம் பேசினால் அழுத்தமாக, குறைவாகப் பேசினால் இலேசாக.

என்ன தெரியும்? அடுத்தடுத்த வீட்டார் குழாயடியிலும் வாசலிலும் ஓயாமல் பேசுவார்கள். ஆகவே மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை சாய்வாக ஒரு கறுப்புக் கோடு விழும். முதல் லயத்தின் ஐந்து வீடும் ஒரு கறுத்த சதுரமாகத் தெரியும். இரண்டாம் லயம் இன்னொரு சதுரமாகத் தெரியும். இந்த லயத்துக்கும் அந்த லயத்துக்கும் உள்ள கட்டங்கள் வெளிறிக் கிடக்கும். இப்பொழுது, வீட்டு எண்களே தெரியாத ஒருவர் கையில் அந்தப் பேச்சுக் கணக்கை மட்டும் கொடுத்தாலும், எந்த வீடு எந்த லயத்தில், எந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்று அவர் சொல்லிவிட முடியும் அல்லவா?

தொடுகை வரைபடம் என்பது இதுதான். கருவுக்குள் சுருண்டு கிடக்கும் குரோமோசோமில் ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள பகுதிகள் மிகுதியாகத் தொடுகின்றன. தொலைவு கூடக்கூடத் தொடுகை குறைகிறது. வெவ்வேறு குரோமோசோம்கள் தொடுவது அதனினும் குறைவு.

இதை எப்படி எண்ணுகிறார்கள்? இளம் இலையை எடுத்து, ஃபார்மால்டிஹைடு என்னும் மருந்தில் ஊறவைக்கிறார்கள். இது நாம் பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலம் அன்று; வேறு பொருள். அந்த மருந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகளைத் தொட்டபடியே பிணைத்துவிடுகிறது. பிறகு டி.என்.ஏ. நூலைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, பிணைந்திருக்கும் இரு முனைகளை ஒன்றோடொன்று ஒட்டி, அந்த ஒட்டுத் துண்டுகளைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு ஒட்டுத் துண்டும், 'இந்தப் பகுதியும் அந்தப் பகுதியும் கருவுக்குள் அருகில் இருந்தன' என்பதற்கு ஒரு சாட்சி. கோடிக்கணக்கான சாட்சிகளை எண்ணிக் கட்டம் கட்டமாகத் தீட்டினால் வரைபடம் கிடைத்துவிடும். ஹை-சி என்று பெயர் பெற்ற இந்த முறை 2009-இல் வெளிவந்தது. 2013-இல் இதைக் கொண்டு சரங்களை வரிசைப்படுத்தலாம் என்று காட்டினார்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் மூன்று இணைக் குரோமோசோம்களை 2017-இல் இந்த வழியில்தான் முனைக்கு முனை கோத்தார்கள்.

இனி நம் 21-க்கு வருவோம். ஒரு பால்மரத்தின் ஏட்டைத் தொகுத்தபோது 21 பெரிய சரங்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். நுண்ணோக்காடியில் எண்ணியபடி 18 தான் வர வேண்டும். மிஞ்சிய மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலாவதாக, 19-ஆம் சரம். வரைபடத்தில் அது தனிச் சதுரமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் ஒரு முனைக்கும் 7-ஆம் சரத்தின் ஒரு முனைக்கும் நேராக உள்ள கட்டங்கள் கறுத்திருக்கின்றன. வேறு எந்தச் சரத்தோடும் அப்படி இல்லை. இதன் பொருள் யாது? இவை இரண்டும் ஒரே குரோமோசோமின் இரு துண்டுகள், நடுவில் அறுந்துவிட்டன. குரோமோசோமின் இடுப்புப் பகுதியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதால், ஒட்டுகிற கணினி அங்கே வழி தெரியாமல் நின்றுவிடுவது உண்டு. ஒரே லயத்தின் நடுவில் மரம் விழுந்து வழி அடைபட்டால், அதை இரண்டு லயம் என்று புதியவர் எண்ணுவதைப் போன்றது இது.

இரண்டையும் எந்த முனையோடு எந்த முனையைச் சேர்ப்பது என்பதையும் படமே சொல்லும். கறுத்திருக்கும் மூலை எதுவோ, அந்த முனைகளே அண்டை. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பெரும்பாலான செடிகொடிகளில் குரோமோசோமின் இரு நுனியிலும் டி டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஏழு எழுத்து வரி அடுக்கடுக்காக வரும். துணியின் ஓரத்து மடிப்புத் தையல் போன்றது அது. 19-ஆம் சரத்தில் ஒரு நுனியில் மட்டும் அந்தத் தையல் இருக்கிறது. 7-ஆம் சரத்திலும் ஒரு நுனியில் மட்டும் இருக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்தே ஒரு முழுத் துணி. இரண்டு சாட்சிகளும் ஒத்துச் சொன்ன பிறகு சேர்க்கிறார்கள்.

இரண்டாவதாக, 20-ஆம் சரம். இதைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டு ஒரு தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. முதலாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் 27 பெயர்கள் இருந்தன. வகுப்பில் 26 பிள்ளைகளே இருந்தார்கள். பதிவேட்டில் லெட்சுமி என்று ஒரு பெயர். மகாலெட்சுமி என்று ஒரு பெயர். தகப்பன் பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. ஒரே பிள்ளையை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டி, லெட்சுமி என்ற பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். கணக்கு 26 ஆயிற்று. எங்களுக்கும் நிம்மதியாயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், எண்ணெய் தடவிச் சடை போட்ட ஒரு சிறுமி வாசலில் வந்து நின்றாள். அவள்தான் லெட்சுமி. தாயும் தகப்பனும் பால் வெட்டப் போனபின், காய்ச்சலில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டில் நின்றுவிட்டாள். பெயர் கூப்பிட்டபோது அவள் பெயர் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் 'இருக்கிறேன்' என்று சொல்லி முடித்த பிறகு, அவள் மெல்ல எழுந்து, "என் பேரு இல்லையா சார்?" என்று கேட்டாள். அந்தக் குரல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. அடிக்குமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். 'அவள் மேட்டு லயத்துப் பிள்ளை, எங்களோடுதான் நடந்து வருவாள்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

இப்பொழுது 20-ஆம் சரத்தைப் பாருங்கள். அதன் எழுத்துகள் 4-ஆம் சரத்தின் ஒரு பகுதியை ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. ஒரே பகுதியை இரண்டு முறை எழுதிவிட்டோமா, அல்லது உண்மையிலேயே இரண்டு பகுதிகளா? இங்கேதான் ட்ஜிர் 1, பி.பி. 86 கதை உதவுகிறது. தாய்வழிப் படிக்கும் தந்தைவழிப் படிக்கும் சில இடங்களில் வேறுபாடு மிகுதி. அத்தகைய இடங்களில் கணினி இரண்டையும் ஒன்றென்று அறியாமல் தனித்தனிச் சரமாக்கிவிடும். ஆனால் பழைய இரட்டிப்பால் வெவ்வேறு குரோமோசோமில் அமைந்த ஒத்த பகுதிகளும் உண்டு என்று முன்பே சொன்னோம். அவை லெட்சுமியும் மகாலெட்சுமியும் போல. பெயர் ஒத்திருந்தாலும் ஆள் வேறு.

இரண்டையும் பிரித்தறிய இரண்டு கேள்விகள். முதற் கேள்வி: அண்டை வீட்டார் யார்? 20-ஆம் சரமும், 4-இல் உள்ள அதன் சாயலும் ஒரே அண்டைப் பகுதிகளோடு தொடுகை காட்டினால், அவை ஒரே இடத்தின் இரு படிகள். 20-ஆம் சரம் வேறு குரோமோசோமோடு நெருங்கித் தொடுமானால், அது வேறு ஆள். இரண்டாவது கேள்வி: அந்தப் பகுதி எத்தனை முறை படிக்கப்பட்டிருக்கிறது? இரு படியும் ஒத்துள்ள இடங்களில் இரண்டின் துண்டுகளும் ஒன்றாகக் குவியும். பிரிந்து நிற்கும் இடங்களில் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் வரும். பாதி என்று வந்து, அண்டையும் ஒன்றே என்றால் ஐயம் தீர்ந்தது. 20-ஆம் சரத்தை முதல் ஏட்டிலிருந்து எடுத்து, இரண்டாம் படிக்கு என்று உள்ள தனி ஏட்டில் வைக்கிறார்கள். தூக்கி எறிவதில்லை. நோயைத் தாங்கும் குணம் அந்தப் படியில்தான் எழுதப்பட்டிருக்கிறதோ என்னவோ!

மூன்றாவதாக, 21-ஆம் சரம். இது தன்னோடு தானே தொடுகிறது. மற்ற 20 சரங்களோடும் ஏறத்தாழத் தொடுகையே இல்லை. வரைபடத்தில் அதன் இரு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறது. வெவ்வேறு குரோமோசோம்களுக்கிடையே கூட இலேசான தொடுகை இருக்கும். ஒரே கருவுக்குள் குடியிருப்பவை அல்லவா? அதுவும் இல்லை என்றால், இது இந்தக் கருவுக்குள் குடியிருந்ததே இல்லை என்று பொருள். இலையின் உள்ளும் புறமும் வாழும் பாக்டீரியாவோ பூசணமோ இலையோடு சேர்ந்து வந்துவிட்டது. அதன் எழுத்துகளில் ஜி, சி ஆகியவற்றின் விகிதம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே படிக்கப்பட்ட உயிர்களின் ஏடுகளோடு ஒப்பிடுவார்கள். பாக்டீரியா என்று தெளிந்தால், இன்ன பாக்டீரியா என்று குறித்துவைத்து, மரத்தின் ஏட்டிலிருந்து நீக்குவார்கள்.

இலையின் பசுங்கணிகத்துக்கும் தனியே ஒரு சிறு ஏடு உண்டு. பால்மரத்தில் அது சுமார் 1,61,000 எழுத்துகள் கொண்ட ஒரு வட்டம். இலையில் அதன் படிகள் ஏராளம். ஆகவே பிற சரங்களைப்போல் பல மடங்கு முறை படிக்கப்பட்டிருக்கும். சிறிய சரங்களுக்கிடையே இது அகப்பட்டால் எளிதில் அடையாளம் தெரியும். இது அந்நியமும் அன்று, குரோமோசோமும் அன்று. இதற்குத் தனி இடம் கொடுத்துவிடுவார்கள்.

ஆக, 21-இல் ஒன்று சேர்ந்தது, ஒன்று இரண்டாம் ஏட்டுக்குப் போயிற்று, ஒன்று வெளியேறிற்று. 18 ஆயிற்று. வேலை முடிந்ததா? முடியவில்லை, நேயர்களே. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

எண்ணிக்கை 18 என்று வந்துவிட்டதனாலேயே ஏடு சரி என்று சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் இரண்டு குரோமோசோம்களைத் தவறாக ஒட்டியிருக்கலாம்; வேறோரிடத்தில் ஒன்றை இரண்டாக அறுத்திருக்கலாம். ஒன்று குறைந்து, ஒன்று கூடி, கணக்கு 18 ஆகவே நிற்கும். மண்டோரின் பிரட்டில் ஒருவர் வராமல், அவர் இடத்தில் வேறொருவர் நின்றாலும் எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கும்? ஆகவே ஒவ்வொரு சரத்தின் உள்ளும் பார்க்கவேண்டும். ஒரே சரம் என்று எழுதியதற்குள் இரண்டு கறுத்த சதுரங்கள் தெரிந்து, நடுவில் சாய்வுக்கோடு அறுந்து, இரண்டுக்கும் இடையே வெளிறிக் கிடந்தால், அங்கே தவறான ஒட்டு இருக்கிறது. அதை வெட்டவேண்டும். சாய்வுக்கோடு ஓரிடத்தில் அறுந்து, அதற்குக் குறுக்காக எதிர்ப்பக்கம் சாய்ந்த கறுப்பு தெரிந்தால், அந்தத் துண்டு தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பவேண்டும். கணினி இவற்றைத் தானே செய்ய முயலும். ஆயினும் கடைசியில் மனிதக் கண் கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் தீர்க்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மிஞ்சியது உண்மையிலேயே மிஞ்சியதாகவும் இருக்கலாம். மக்காச்சோளத்தில் சில செடிகளுக்கு வழக்கமான குரோமோசோம்களுக்கு மேல் சிறு குரோமோசோம்கள் இருப்பதுண்டு. ஆகவே சரம் இரு நுனியிலும் தையலோடு நின்று, எதனோடும் ஒட்டாமல், ஆனால் அதே கருவுக்குள் இருப்பதற்கான இலேசான தொடுகையை எல்லாவற்றோடும் காட்டினால், அந்த மரத்தின் வேர்நுனியை எடுத்து நுண்ணோக்காடியில் மறுபடி எண்ணிப் பார்ப்பதே முறை. நாம் எதிர்பார்த்த எண் தவறாக இருக்கவும் கூடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு போனார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றிலிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 நாற்றுகள். நாம் வெட்டிய மரங்களில் பெரும்பான்மை அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. உறவு நெருங்கிய மரங்கள் ஒரே நோய்க்கு ஒருசேரப் பணியும் அபாயம் உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய், பிரேசிலில் ஹென்றி போர்டு தொடங்கிய பெருந்தோட்டத்தை எழவிடாமல் செய்தது. 2010-களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் புதிய இலையுதிர் நோய் ஒன்று பரவியது. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் யார் வீட்டு அடுப்பில் அது தெரியும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

நோயைத் தாங்கும் குணம் ஏட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிந்தால், நாற்றின் இலையைச் சோதித்தே நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். செம்பனையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காயின் ஓடு தடிப்பா, மெல்லிதா, ஓடே இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவை, மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தோரும் 2013-இல் கண்டு வெளியிட்டார்கள். முன்பு மரம் காய்க்கும்வரை காத்திருந்தால்தான் ஓடு எப்படி என்று தெரியும். இப்பொழுது நாற்றங்காலிலேயே இலையை வைத்து அறியலாம்.

ஆனால் ஏட்டில் ஒரு சரம் தவறான குரோமோசோமில் ஒட்டியிருந்தால் என்னாகும்? அடையாளம் ஓரிடத்தில் இருக்கும், குணம் வேறிடத்தில் இருக்கும். நல்ல நாற்று என்று நம்பித் தவறானதை நடுவோம். பால்மரம் வெட்டுக்கு வரச் சுமார் ஆறு ஆண்டுகள். ஆறு ஆண்டு களை வெட்டி, எரு போட்டு, காத்திருந்து, கத்தி வைத்த பிறகே பிழை தெரியும். காகிதத்தில் செய்த பிழைக்குக் காட்டில் உழைத்தவர் கூலி கொடுப்பதாக அது முடியும்.

பெற்றோர்களே, எங்கள் வகுப்பில் பெயர் அடிக்கப்பட்ட அந்தச் சிறுமியை அன்றே பதிவேட்டில் திரும்ப எழுதிவிட்டோம். அவள் ஆறாம் வகுப்பு வரை படித்துத் தேறினாள். மூன்று வாரத்துப் பிழை என்பதால் திருத்த முடிந்தது. அன்று முதல் பதிவேட்டில் ஒரு பெயர் மிஞ்சினால், சிவப்புப் பேனாவை எடுக்குமுன் பிள்ளைகளைக் கேட்கிறோம்: இவள் யாரோடு வருவாள்? யார் வீட்டுக்குப் பக்கத்து வீடு?

பிள்ளைகளே, அந்தக் கட்டத்தாளை மறக்காமல் தீட்டிப் பாருங்கள். பத்து வீட்டில் ஒரு வீட்டின் பெயரை வேண்டுமென்றே தவறான வரிசையில் எழுதிவிட்டு, படத்தில் அது எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தம்பி தங்கையரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் நாளை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, பால்மரத்தின் மிஞ்சிய சரம் ஒன்றை அதன் சரியான இடத்தில் சேர்ப்பீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு.